புது மண்டபத்தில் இருந்தவர்கள்

மதுரைக் கோயில் மண்டபம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மேலமாசி வீதிப் பக்கம் உள்ள மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த தூண்கள் அவை. 1912இல் மதுரைக்கு வந்த அடலைன் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாக்காரப் பெண்மணி, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கற்களைப் பார்த்தார். விலை பேசி வாங்கிக் கப்பலேற்றிவிட்டார். அவர் இறந்தபின் 1919இல் குடும்பத்தார் அவற்றைப் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். படங்களில்தான் அந்த மண்டபத்தைப் பார்த்திருக்கிறேன். சீரான வெளிச்சம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, புறா எச்சம் இல்லை, விபூதி வாங்கிய கையைத் தூணில் துடைக்கிற ஆள் இல்லை. கல்லைக் காப்பதுதான் கோயிலைக் காப்பது என்றால், எங்கள் ஊர் மண்டபங்களில் மிக நன்றாகக் காக்கப்பட்டது அதுதான். எங்கள் ஊரில் இல்லை என்பது ஒன்றே குறை.

இந்தக் கேலியை நான் லேசாகச் செய்யவில்லை. பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்குக் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுத்தே வயதைக் கழித்தவன் நான். தூணின் அடிச்சதுரம் எத்தனை அங்குலம், போதிகை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளப்பதில் எனக்கு இன்றைக்கும் ஆசை உண்டு. ஆனால் அந்த ஆசை எனக்கு வந்த இடம் வகுப்பறை கிடையாது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்தில், ஓரத் தாழ்வாரத்துத் தூண் ஒன்றின் அடியில் என் அப்பாவின் தையல் மிஷின் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான். தூணில் பாயும் குதிரையின் முன்னங்காலில் அப்பாவின் இஞ்சு டேப் தொங்கும். அதன் வயிற்றுக்குக் கீழே நூல்கண்டுப் பெட்டி. நான் வீட்டுப்பாடம் எழுதியது அந்த நிழலில்.

பேர்தான் புது மண்டபம். திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது. வைகாசி வசந்த விழாவுக்குச் சாமியும் அம்மனும் வந்து உட்காருவதற்காக எழுந்த மண்டபம் என்பதால் வசந்த மண்டபம் என்றும் சொல்வார்கள். வெயில் காலத்தில் குளிர்ச்சிக்காகச் சுற்றிலும் தண்ணீர் நிறுத்த வாய்க்கால்போல் ஓர் அகழி. உள்ளே நாயக்க மன்னர்கள் ஆளுயரத்தில் கும்பிட்டு நிற்கிறார்கள். திருமலை நாயக்கர் தேவிமாரோடு நிற்கிறார். தடாதகைப் பிராட்டி உண்டு, கரும்பு தின்னும் கல் யானை உண்டு, கயிலையைத் தூக்கும் இராவணன் உண்டு. என் சிறு வயதில் இவர்களுக்கு நடுவே பாத்திரக்கடை, வளையல் கடை, பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைகளும் விற்ற புத்தகக்கடை, வரிசையாகத் தையல்காரர்கள். பங்குனி பிறந்துவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் கிராமம் கிராமமாக வருவார்கள். சல்லடம், உருமால், கருப்பசாமி வேஷத்துக்கான சட்டை. "அண்ணே, போன வருஷம் தச்ச அளவுதான், கொஞ்சம் இடுப்புல மட்டும் விடுங்க" என்பார்கள். அப்பா ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "இடுப்பு மட்டுமா?" என்பார்.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலுக்குள் கிழக்குப் பகுதியில் இருந்த கடைகளில் தீப்பிடித்து, வீரவசந்தராயர் மண்டபம் விழுந்தது. கல் எரியாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எரியாதுதான், வெடிக்கும். கருங்கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸை எட்டும்போது படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரியும். பக்கத்துத் தாதுக்கள் அதே அளவில் விரியாது. கல் தனக்குள்ளேயே பிளந்துகொள்கிறது. அதன்மேல் தீயணைக்கும் தண்ணீர் பட்டால் விரிசல் இன்னும் ஓடும். பிளாஸ்டிக் பொம்மையும் துணியும் அட்டைப்பெட்டியும் அடைத்த கடைகளுக்கு மேலே நாயக்கர் காலத்துக் கல் தளம். அது எத்தனை நேரம் தாங்கும்? பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் காலி செய்யப்பட்டன. புது மண்டபத்துக் கடைகளும் பின்னால் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன.

கடைகள் வெளியேறியது சரி. அப்பாவின் மிஷின் இருந்த தாழ்வாரம் என்பதற்காக இதில் என் கருத்து மாறாது. கல் தூணுக்கு நடுவே மின்சார வயரைச் சுருட்டி வைத்து, தளத்துக்கு ஆணி அடித்து, சிற்பத்தின் கழுத்தில் கயிறு கட்டி வியாபாரம் பண்ணியதைப் பண்பாடு என்று வர்ணிக்க எனக்கு வாய் வராது. அகழியில் குப்பை கொட்டியது யார்? நாங்கள்தான். ஆனாலும் காலியான மண்டபத்தைப் பார்த்து, "அப்பாடா, இப்பத்தான் கோயில் மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்குக்கு என்ன நியாயம் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. கோயில் மாதிரி என்றால் எது மாதிரி?

சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரமான பன்னிரண்டாவதில், மலம் நீங்கிய ஞானியும் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறார்: அன்பர்களோடு சேர்ந்திருக்க வேண்டும், அவர்கள் கோலத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழ வேண்டும். பதினொரு சூத்திரம் தத்துவத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டு, பன்னிரண்டாவதில் நம்மைச் சன்னதித் தெருவுக்குக் கூட்டி வந்துவிடுகிறார். எங்கும் இருக்கிற ஒன்றுக்கு ஏன் ஓர் இடம் என்ற கேள்விக்கு அவர் அசரவில்லை. ஆனால் ஆலயத்தைத் தனியாக நிறுத்தவும் இல்லை. கும்பிடுகிறவனையும் கட்டடத்தையும் ஒரே வாக்கியத்தில் ஒரே மரியாதையோடு வைக்கிறார். இதை நான் பக்திப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, வேலை விதியாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கல்லைப் பெயர்க்கும்போது எத்தனை கவனம் வேண்டுமோ, ஓர் ஆளைப் பெயர்க்கும்போதும் அத்தனை கவனம் வேண்டும். பெயர்க்கவே கூடாது என்று விதி சொல்லவில்லை.

ஏனென்றால் பெயர்ப்பது நம் மரபிலேயே இருக்கிறது. பழையதைப் பழையபடியே, ஒரு தூசு மாறாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்பவர்களிடம் நான் அஷ்டபந்தனத்தைக் காட்டுவேன். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டையும் சேர்த்து இடித்து இடித்துப் பதமாக்கிய மருந்து. சிலையைப் பீடத்தோடு பிடித்து நிறுத்துவது அதுதான். அதன் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு என்று கணக்கு. இரும்பையும் செம்பையும் உருக்கத் தெரிந்தவர்களுக்கு நிரந்தரமான பசை செய்யத் தெரியாமல் போயிருக்காது. தளர்ந்துபோகும், திரும்பச் சாத்த வேண்டும், அதற்காக ஊர் கூட வேண்டும் என்பது முதல் நாளே திட்டத்தில் இருக்கிறது. கட்டி முடிந்த கோயில் என்று ஒன்றை ஆகமம் நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை.

திருப்பணி தொடங்கும் முறையும் கவனிக்கத்தக்கது. முதலில் அனுக்ஞை, அதாவது சாமியிடம் உத்தரவு கேட்பது. பிறகு கலாகர்ஷணம்: மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, அங்கிருந்து பாலாலயத்தில் அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றுகிறார்கள். குடமுழுக்கு ஆகும்வரை கும்பிடு அங்கேதான். உளி படும் நேரத்தில் கல் வெறும் கல்லாக இருக்கிறது. தெய்வம் கல்லில் இருக்கிறதா இல்லையா என்று ஆயிரம் ஆண்டாக வாதாடுகிறவர்கள், இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்த ஆளின் நிதானத்தைக் கவனிக்க வேண்டும். இருக்கிறது, ஆனால் கட்டுப்பட்டு இல்லை. கொத்தனார் வேலை முடியும்வரை ஒரு பலகையில் தங்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். உத்தரவு கேட்பதை வெறும் சடங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 1925இல் கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சிலே, குடும்ப தெய்வத்தை இடம் மாற்றுவதில் தெய்வத்தின் விருப்பமும் கேட்கப்பட வேண்டும், அதைச் சொல்ல வழக்கில் பங்கில்லாத ஒருவர் வேண்டும் என்றது. வெள்ளைக்கார நீதிபதிகளும் அனுக்ஞைக்கு வந்து சேர்ந்தார்கள்!

அப்படியானால் கல் அசையும்போது அம்மன் இடம் மாறி நிற்கிறாள். கல் அசையாதபோது? மதுரையில் ஒருமுறை இதன் மறுபக்கமும் நடந்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி, காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், தீண்டாமையால் ஒதுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சன்னதி வரை போய்க் கும்பிட்டார்கள். பூசைக்கு வரமாட்டோம் என்ற பட்டர்கள் உண்டு. அம்மன் கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சொன்னவர்களும் உண்டு. அவளுக்கென்று வேறோர் இடத்தில் சன்னதி வைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. ஒரு செங்கல் பெயரவில்லை, ஒரு சுண்ணாம்புப் பூச்சு உதிரவில்லை. அந்தக் கட்டடம் கண்ட மாற்றங்களிலேயே பெரியது அன்றைக்குத்தான் நடந்தது. அதற்கு வரைபடம் கிடையாது. என் தொழில் எவ்வளவு சின்னது என்று எனக்குக் காட்டிய தேதி அது. தூணை அளக்கிறோம், யார் அந்தத் தூணைத் தொடலாம் என்பதை அளப்பதில்லை. 'கோயில் பழையபடி இருக்க வேண்டும்' என்று யாராவது சொன்னால், எந்தப் பழையபடி, 1939க்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்கத் தோன்றும். கேட்பதும் உண்டு.

மாற்றம் தவறில்லை, மாறாமல் இருப்பதும் புண்ணியமில்லை என்றால் ஒரு திருப்பணியை எதைக் கொண்டு நல்லது கெட்டது என்று சொல்வது? இதற்கு நான் தத்துவ நூலை விட்டுவிட்டுக் கும்பகோணத்துப் பக்கம் திருக்கோடிக்காவலுக்குப் போவேன். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி சோழ நாட்டில் செங்கல் கோயில்களை எடுத்துவிட்டுக் கற்றளியாகக் கட்டிக்கொண்டே போனார். இன்றைய பாதுகாப்பு விதிகளைக் கையில் வைத்துப் பார்த்தால் பெரிய குற்றம். பழையதை இடித்துப் புதிது கட்டியது. ஆனால் திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைச் சேர்ந்த கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்து, புதுச் சுவரில் வெட்டச் செய்தார். அதோடு, இது பழைய கல்லில் இருந்ததன் படி என்று குறிப்பும் வெட்டச் செய்தார். பல்லவர் காலத்திலிருந்து யாரோ விளக்குக்குக் கொடுத்த பொன், யாரோ விட்ட நிலம். தன் பேர் நிற்க வேண்டிய சுவரில் தனக்கு முன்னே கொடுத்தவர்கள் பேரை முதலில் நிறுத்தினார். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முன்னால் ஓர் அரசிக்கு இருந்த இந்தப் பழக்கத்தைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். வருகிற கை போன கையைச் சொல்லுகிறதா?

இந்த அளவுகோலை வைத்தால் சில பெரிய பேர்கள் சறுக்கும். நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து தமிழகக் கோயில்களுக்குக் கொட்டிய பணத்துக்கும் உழைப்புக்கும் ஈடு கிடையாது. மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்தை இன்று பார்க்கிறபடி ஆக்கியவர்கள் அவர்கள். முந்நூறு ஆண்டுக்குமேல் தலையில்லாமல் நின்ற வடக்கு மொட்டைக் கோபுரம் முடிந்ததும் அவர்கள் கையால்தான். மதுரை நன்றி மறக்காது. ஆனால் சோழ நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் நடந்த புதுப்பிப்பில் சாசனக் கற்கள் வரிசை மாறிப் போயின, சில காணாமலே போயின. அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. என் காலத்தில் நடந்தது அதைவிட மோசம். மணலை வேகமாக வீசிக் கல்லைச் 'சுத்தம்' செய்தார்கள்; எண்ணெய் போனது, கூடவே எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் தேய்ந்தன. கருங்கல் தரைமேல் வழுக்கும் பளிங்குத் தகடு பதித்தார்கள். ஒழுகுகிறது என்று மேல்தளத்தில் சிமெண்ட் கான்கிரீட் கொட்டினார்கள்.

சிமெண்ட் விஷயத்தில் அப்பா எனக்குச் சொன்னதுதான் எந்தப் புத்தகமும் சொன்னதைவிடத் தெளிவு. பழைய பட்டுச்சேலைக்கு ஒட்டுப் போடும்போது கெட்டியான நைலான் நூலை எடுக்கவே மாட்டார். நூல் துணியைவிடப் பலமாக இருந்தால், இழுக்கிறபோது நூல் அறாது, துணி அறும். பழைய கட்டடத்தில் சிமெண்டும் அப்படி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்ந்த தளம் வெயிலில் கொஞ்சம் நெகிழும், ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும், விரிசல் விட வேண்டியிருந்தால் முதலில் தானே விடும். மேலே தட்டோடு பதித்தால் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை பெயர்த்துப் பதிக்கலாம். சிமெண்ட் நெகிழாது, ஈரத்தை அடைத்து வைக்கும், கனமும் கூட. கடைசியில் உடைவது கீழே இருக்கிற பழைய கல். அறுந்துபோகத் தெரிந்த பொருளைக் கொண்டு வேலை செய்வதுதான் இங்கே கெட்டிக்காரத்தனம். அஷ்டபந்தனம் செய்தவனும் இதையே நினைத்திருப்பான்.

இனி தெரு. வெளியூர்க்காரர்கள் மதுரையை நெரிசலான ஊர் நடுவே ஒரு பெரிய கோயில் என்று பார்க்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றாது. மதிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. பிரகாரம் எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. சாமி நடக்கிற இடம் வரைக்கும் கோயில் என்று வைத்துக்கொண்டால், மாசி வீதியில் செருப்பு மொத்தக்கடை வைத்திருப்பவரும் கோயிலுக்குள்தான் இருக்கிறார். திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சி கல்யாணத்தை மாசியிலிருந்து சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதையும் தேனூரிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்தார்கள் என்பது ஊரில் எல்லோரும் சொல்கிற வரலாறு. சித்திரை மாதத்துத் தேர் இன்றைக்கும் மாசி வீதியில்தான் ஓடுகிறது. கோயிலை மறுவடிவமைப்பது என்றால் கட்டடத்தை மட்டுமா? நாயக்கர் காலண்டரையே மாற்றியமைத்தார்.

ஊரை மாற்றியவர்களும் உண்டு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். இடித்து மூடும் வேலைக்கு முன்வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. அந்த வேலையை நடத்திய மாரெட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பேரில் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. கோட்டையை இடித்தவருக்கு ஊர் மக்கள் நன்றியாக விளக்குத்தூண் நட்டார்கள். இதை வைத்து யாரைப் பழிப்பது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மூச்சு முட்டிய ஊர் கொஞ்சம் வெளியே பரவியது. அந்த நிலத்தில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் தேர்வடம் பிடித்தார்கள்.

இன்றைக்குக் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி. மீறல் வழக்குகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கோபுர தரிசனத்துக்காக என்று சொல்லப்படும் இந்த விதியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆவணி மூல வீதிச் சந்துக்குள் ஒரு சென்ட் இடத்தில் அண்ணன் தம்பி மூன்று குடும்பம் இருக்கிற வீட்டுக்கு மேலே எழும்ப வழியில்லை. விடுதிக்காரர் அபராதம் கட்டி, வழக்கை இழுத்து, எப்படியோ ஏற்றிவிடுகிறார். வீட்டுக்காரர் விற்றுவிட்டு வில்லாபுரத்துக்கோ ஊமச்சிகுளத்துக்கோ போகிறார். காலையில் விசுவரூப தரிசனத்துக்கு ஓடி வந்தவர்கள் இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் பஸ் பிடித்து வருகிறார்கள். தெருவைக் கருங்கல் பதித்து அழகாக்கினோம், வண்டி வருவதை நிறுத்தினோம். இரண்டும் நல்ல வேலை. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் தங்கும் விடுதி, கீழே பலகாரக்கடை என்று ஆகிவிட்ட சித்திரை வீதியில், சாமி புறப்பாடு வரும்போது வாசலில் கோலம் போட்டுத் தேங்காய் உடைக்கிற வீடு எத்தனை மிச்சம்? மெய்கண்டார் சொன்ன இரண்டில் ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன கடைகளை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவது, அனுப்பிவிட்டார்களே என்று அல்ல. திருப்பணியில் கல்லைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கல்லுக்கும் பெயிண்டால் எண் போடுகிறோம். எந்த வரிசை, எந்த முகம், எது மேலே என்று எழுதுகிறோம். கடைகளுக்கும் எண் இருந்தது, ஆனால் அது வாடகைக்கான எண். எந்தத் தூணடியில் யார் என்ன செய்தார்கள், அழகர் வேஷத்துச் சட்டைக்குத் துணி எப்படி வெட்டுவார்கள், சல்லடத்துக்கு எத்தனை மணி கோப்பார்கள் என்பதற்கு எந்தத் தாளும் கிடையாது. புது மண்டபத்தை அளந்து வரைந்த படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அழகான படங்கள், தூண், போதிகை, மேடை, அகழி எல்லாம் மயிரிழை சுத்தம். ஒன்றிலும் ஒரு தையல் மிஷின் கிடையாது. படம் வரைகிறவன் கண்ணுக்கு அது குப்பை, பென்சிலால் தாண்டிப் போக வேண்டிய தடை.

மதுரைக்குத் திருப்பணி மாலை என்றொரு பழைய நூல் உண்டு. எந்த மண்டபத்தை யார் கட்டினார், எந்தக் கோபுரத்தை யார் எடுத்தார் என்று வரிசையாகச் சொல்லும் செய்யுள் நூல். வரலாற்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள். கொடுத்தவர் பேரைப் பாட்டில் கட்டி வைத்த ஊர் இது. இருந்தவர் பேரை எழுத மட்டும் ஏன் கை வரவில்லை?

சுந்தரேசுவரர் சன்னதிப் பிரகாரத்தில் சிதைந்த இலிங்கம் ஒன்று இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்புக் காலத்தில் கருவறையை மூடி மறைத்துவிட்டு, முன்னால் வேறோர் இலிங்கத்தை வைத்து ஏமாற்றினார்கள், வந்தவர்கள் அதை வெட்டிச் சிதைத்தார்கள், பிறகு விசயநகரத்துக் கம்பணன் வந்து திறந்தபோது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று சொல்வார்கள். விளக்கு எரிந்ததை நம்புகிறவர் நம்பலாம். எனக்கு முக்கியம் அந்தச் சிதைந்த கல். பின்னமான மூர்த்தி பூசைக்கு ஆகாது என்று சாத்திரம். நீரில் விட்டிருக்கலாம். இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள், அருகே நின்று கதை சொல்கிறார்கள். மூலவருக்காக அடி வாங்கிய கல்லுக்கு ஓர் இடம் கொடுத்த கோயில், விழுந்த மண்டபத்துக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்பதில் தவறில்லை.

வீரவசந்தராயர் மண்டபத்துக்கான புதுக் கற்களை நாமக்கல் பக்கத்துக் குவாரியிலிருந்து கொண்டுவந்து கூடல் செங்குளத்தில் வைத்துச் செதுக்கினார்கள். 2009 ஏப்ரலில் நடந்த குடமுழுக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி 2021இல் அடுத்தது வந்திருக்க வேண்டும். இந்த வேலையால் தள்ளிப்போனது. புதுத் தூண் பழைய தூண் மாதிரியே இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. இருக்கட்டும். ஆனால் நூறு ஆண்டு கழித்து வருகிற ஒரு பையன் அதை நாயக்கர் காலத்துத் தூண் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போகக்கூடாது. செம்பியன் மாதேவியின் கல்வெட்டாளன் செய்த வேலையை இங்கேயும் ஒருவர் செய்ய வேண்டும்.

சிற்ப வேலை செய்கிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க சார் வெட்டறது? தூண் முகத்துல விடமாட்டாங்க. அடிப்பட்டையில வேணா நாலு வரி போடலாம். ஒரு எழுத்து ஒரு அங்குலம், அதுக்கு மேல போகாது" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "கடைக்காரங்க பேரையுமா போடச் சொல்றீங்க?" என்று கேட்டார். பேர் வேண்டாம், தொழில் போதும் என்றேன். நாலு வரிக்குள் அடங்குகிற மாதிரி எழுதித் தரச் சொன்னார். எழுதியது இது:

இம்மண்டபம் நாயக்கர் காலத்தது. 2018 பிப்ரவரி 2 இரவு தீயில் விழுந்தது. இத்தூண்கள் அதன்பின் புதிதாகச் செய்தவை. விழுமுன் இங்கே கடை வைத்துப் பிழைத்தார்கள். எதிரே புது மண்டபத்தில் தையல்காரர், வளையல்காரர், பாத்திரக்காரர், புத்தகக்காரர் இருந்தார்கள்.

ஐந்தாவது வரி அதிகமாகிறது. எதை எடுப்பது என்று அவர் கேட்டிருக்கிறார். முதல் வரியை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். நாயக்கர் பேரைச் சொல்லத்தான் திருப்பணி மாலை இருக்கிறதே.